கட்டுரைகளைக் குறையுங்கள், திருத்தி எழுதுவதைக் கூட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து இரண்டு. இலக்கணத்தை இன்னும் அழுத்தி நடத்துங்கள் என்பது ஒன்று. வாரம் ஒரு கட்டுரை எழுத வையுங்கள் என்பது மற்றொன்று. இவை ஏன் பலன் தருவதில்லை, எது தரும் என்பதை இந்த வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்கள் என்ற முறையில் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

இலக்கணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1963-இல் அமெரிக்காவில் பிராடக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் ஆகிய மூவர், எழுத்துப் பயிற்சி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தனிப் பாடமாக நடத்தப்படும் இலக்கணம் எழுத்தை மேம்படுத்துவதில்லை, எழுதிப் பழக வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்வதால் கெடுதலும் செய்யக்கூடும் என்று அதில் எழுதினார்கள். 2007-இல் கிரகாம், பெரின் இருவரும் நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளை மறுபடி அலசியபோதும் தனி இலக்கணப் பாடம் பலனற்றதாகவே தெரிந்தது. திட்டமிடவும் திருத்தவும் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பது, படித்ததைச் சுருக்கி எழுத வைப்பது, இருவர் மூவராகச் சேர்ந்து எழுத வைப்பது, சிறு வாக்கியங்களை இணைக்கப் பழக்குவது ஆகியவைதாம் நல்ல பலன் தந்தன. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் அது பிள்ளை எழுதிய வாக்கியத்திலிருந்து புறப்பட வேண்டும், பயிற்சி நூலின் பதினான்காவது வினாவிலிருந்து அல்ல.

வாரம் ஒரு கட்டுரை என்பதற்கு ஒரு சிறு கணக்கே பதில். வகுப்பில் 40 பேர். ஒரு முழுக் கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுத 10 நிமிடமாவது ஆகும். ஆக 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறைவு. அதுவும் ஒரு வகுப்புக்கு மட்டும். யாராலும் வாரந்தோறும் அது முடியாது. அதனால் என்ன நடக்கிறது? கட்டுரை பத்து நாள் கழித்து ஒரு மதிப்பெண்ணோடும் கையெழுத்தோடும் திரும்பி வருகிறது. அதற்குள் பிள்ளை அடுத்த கட்டுரையை, அதே தவறுகளோடு, எழுதி முடித்துவிட்டிருக்கும். அதே 40 பேரும் ஒரே ஒரு பத்தி எழுதினால் ஆளுக்கு 2 நிமிடம், மொத்தம் 80 நிமிடம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுதிய நினைவு ஆறும் முன்பே திருத்தி எழுத வைக்கலாம்.

எங்கள் கருத்தின் மையம் இதுதான். ஒரு பிள்ளை ஆண்டுக்கு முப்பது கட்டுரை எழுத வேண்டியதில்லை. நாலு எழுதினால் போதும், ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுத வேண்டும். அந்த நாலும் படித்த கதையிலிருந்தோ கவிதையிலிருந்தோ பிறக்க வேண்டும். இலக்கியம் ஒரு பீரியட், கட்டுரை வேறொரு பீரியட் என்று பிரித்து வைத்திருப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. பிள்ளையிடம் சொல்வதற்கு எதுவும் இல்லாதபோது எழுதச் சொல்கிறோம். கதையைப் படித்து மனம் நிறைந்திருக்கும்போது, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? மிகச் சிறிய பகுதியை எடுத்துக் காட்டுகிறோம். ஒரு கதையில் இப்படி நான்கு வாக்கியங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்: “அண்ணன் கடிதத்தைப் படித்தான். மடித்தான். மறுபடி பிரித்துப் படித்தான். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்றான்.”

இந்தப் பகுதியைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் வருவது மறுபடி கதை சொல்வதுதான்: அண்ணனுக்குக் கடிதம் வந்தது, அவன் அதைப் படித்தான், பையில் வைத்தான். பிள்ளை மேல் தவறில்லை. ‘இந்தப் பகுதியை விளக்குக’ என்று கேட்டால் கதையைத்தான் சொல்லத் தோன்றும். கேள்வியை மாற்றுங்கள். ‘ஒன்றுமில்லை என்று அண்ணன் சொன்னதை நீ நம்புகிறாயா? எந்தச் சொல் உன்னை நம்பவோ சந்தேகப்படவோ வைக்கிறது?’ வகுப்பு உடனே இரண்டாகப் பிரியும். நம்பவில்லை என்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். ‘மறுபடி’ என்ற சொல்லை ஒருவர் கண்டுபிடிப்பார். ஒன்றுமில்லாத கடிதத்தை யாராவது இரண்டு தடவை படிப்பார்களா? மேசை மேல் போடாமல் பையில் ஏன் வைத்தான் என்று இன்னொருவர் கேட்பார். கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டுமா, வீட்டாரைத் திகைக்க வைக்க ஒரு நல்ல செய்தியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று மூன்றாமவர் மடக்குவார். அந்த மூன்றாவது குரலை அடக்கிவிடாதீர்கள். இரண்டு வாசிப்புக்கும் இந்த நான்கு வாக்கியங்களில் இடம் உண்டு. எது சரி என்பதைக் கதையின் அடுத்த பக்கம்தான் தீர்க்கும்.

இப்போது எழுத வைக்கலாம். முதல் வாக்கியம் கருத்து: அண்ணன் ஒரு செய்தியை மறைக்கிறான். அடுத்தது ஆதாரம்: அவன் கடிதத்தை ‘மறுபடி பிரித்துப்’ படிக்கிறான். பிறகு, அந்த ஆதாரம் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று இரண்டு வாக்கியம்: சாதாரணச் செய்தி என்றால் ஒரு தடவை போதும், இரண்டாம் தடவை படிப்பவன் தான் படித்ததை நம்ப முடியாமல் பார்க்கிறான். இந்த நான்கு வாக்கியங்கள்தாம் இலக்கியக் கட்டுரையின் செங்கல். இதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்நூறு சொல் கட்டுரை பெரிய மலை அல்ல.

ஆதாரத்துக்குப் பின் வரும் அந்த இரண்டு விளக்க வாக்கியங்கள்தாம் பெரும்பாலான பிள்ளைகளிடம் விடுபடுகின்றன. மேற்கோளைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த மேற்கோளுக்குத் தாவுகிறார்கள். ஒரு மேற்கோளுக்கு இரண்டு விளக்க வாக்கியம் என்ற விதியை முதல் ஆண்டு முழுக்கக் கண்டிப்பாக வைத்திருப்பது நல்லது. மேற்கோளின் நீளத்துக்கும் அளவு உண்டு. மூன்று முதல் ஆறு சொல், அதுவும் தன் வாக்கியத்துக்குள் பின்னப்பட்டதாக. நான்கு வரியை அப்படியே எடுத்து ஒட்டும் பிள்ளைக்கு அதில் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

கருத்து வாக்கியத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வகுப்பில் யாராவது ‘இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று சொல்ல இடம் இருக்கிறதா? ‘இந்தக் கதை நட்பைப் பற்றியது’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. அதனால் அதை நிறுவ எழுத வேண்டியதும் இல்லை. ‘இந்தக் கதையில் உண்மையைச் சொன்ன நண்பனைவிடப் பொய் சொன்ன நண்பனே அதிகம் இழக்கிறான்’ என்றால் உடனே எதிர்ப்பு வரும், ஆதாரம் தேட வேண்டியிருக்கும். அதுதான் எழுதத் தகுந்த கருத்து.

ஆங்கிலத்துக்கே உரிய இரண்டு சங்கதிகளைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தானாக வராது. ஒன்று காலம். கதையை நாம் தமிழில் சொல்லும்போது ‘போனான், வந்தான்’ என்று இறந்தகாலத்தில் சொல்வதுதான் இயல்பு. ஆங்கிலத்தில் கதையைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது கதைக்குள் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது மரபு. கதை இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அப்படித்தான். இதைச் சொல்லாமல் விட்டால் ஒரே பத்தியில் இரண்டு காலமும் குழம்பும், பிள்ளைக்கு ஏன் சிவப்பு மை விழுகிறது என்றே புரியாது. இன்னொன்று வினைச்சொல். ‘காட்டுகிறது’ என்ற பொருளுள்ள ‘ஷோ’ என்பதை எல்லா இடத்திலும் போடுவார்கள். கண்ணெதிரே எழுதியிருப்பதற்கு ‘ஷோ’ சரி. நாமாக ஊகித்ததற்கு, ‘குறிப்பாக உணர்த்துகிறது’ என்ற பொருளுள்ள ‘சஜெஸ்ட்’ வேண்டும். அண்ணன் கடிதத்தை இருமுறை படிப்பது கவலையை ‘சஜெஸ்ட்’ செய்கிறது, நிரூபித்துவிடவில்லை. இந்த வேறுபாடு பிடிபட்ட பிள்ளை, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தானே எடை போடத் தொடங்குகிறது.

வாக்கியத்தை இணைக்கும் பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள் பத்து பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஃபிராங்க் ஓஹேர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது. இலக்கணப் பெயர்கள் எதையும் நடத்தாமல், சிறு வாக்கியங்களை இணைக்க மட்டும் பழக்கியே அவர்களின் வாக்கியங்கள் வளர்வதை அது காட்டியது. கரும்பலகையில் நான்கு துண்டுகள் எழுதுங்கள்: நாய் குரைத்தது. அது கிழட்டு நாய். அது கட்டிக் கிடந்தது. யாரும் வெளியே வரவில்லை. இவற்றை ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். தமிழில் ‘கட்டிக் கிடந்த கிழட்டு நாய் குரைத்தும் யாரும் வெளியே வரவில்லை’ என்று எளிதாக வந்துவிடும். தமிழில் எச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால், ‘தட்’ அல்லது ‘விச்’ என்ற சொல்லோடு போய் நிற்க வேண்டும். ‘குரைத்தும்’ என்பதில் இருக்கும் ‘உம்’ அங்கே ‘ஆல்தோ’ என்று வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும், பின்னால் ‘பட்’ தேவையில்லை. ‘ஆல்தோ’வும் ‘பட்’டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவது கவனக்குறைவு அல்ல, இந்த இடமாற்றம் புரியாததால் வருவது. இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரியும். விவாதத்தைத் தாய்மொழியில் நடத்தக்கூடாது என்று தடுப்பதும் தவறு. எண்ணம் தமிழில் தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுத உட்காரும் பிள்ளை, வெறும் கையோடு உட்காருவதில்லை.

இணைப்புச் சொற்களை அட்டையில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கத்தால் நன்மையைவிடத் தீமை அதிகம். ‘ஹவெவர்’ (ஆனாலும்), ‘மோர்ஓவர்’ (மேலும்) என்று பத்திக்கு ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். ‘ஹவெவர்’ வர வேண்டுமானால் முந்திய வாக்கியத்துக்கு முரணாக ஏதாவது வந்தாக வேண்டும். அந்தச் சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முரண் இருந்தால் சொல் நிற்கட்டும், இல்லாவிட்டால் அடித்துவிடட்டும்.

கவிதைக்கு வேறு நடை வேண்டும். முதல் தடவை புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கேட்க மட்டும். இரண்டாம் தடவை பென்சிலோடு, மனதைத் தொட்ட சொல்லுக்கும் புரியாத சொல்லுக்கும் அடிக்கோடு. மூன்றாம் தடவை பிள்ளைகளே வாய்விட்டுப் படிக்க. அதற்குப் பிறகுதான் பேச்சு. அணிகளைத் தேடிப் பட்டியல் போடுவது இலக்கிய வாசிப்பு ஆகாது. ‘இங்கே மோனை இருக்கிறது, இங்கே உவமை இருக்கிறது’ என்று எழுதினால், இருந்தால் என்ன என்ற கேள்வி மிச்சமாகவே நிற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் காண நாங்கள் பரிந்துரைக்கும் வழி, சொல்லை மாற்றிப் பார்ப்பது. கவிஞர் ‘ஊர்ந்தது’ என்று எழுதிய இடத்தில் ‘நடந்தது’ என்று போட்டு, இரண்டையும் உரக்கப் படித்து, எது போயிற்று என்று கேளுங்கள். அமைதி போயிற்று, பயம் போயிற்று, மெதுவாக நகர்ந்த உணர்வு போயிற்று என்று பிள்ளைகள் சொல்வது அப்படியே எழுதத் தகுந்த வாக்கியம். ‘கவிஞர் என்ன சொல்ல வருகிறார்’ என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், ஆசிரியரின் மனதில் இருக்கும் விடையை ஊகிக்கும் போட்டியாக வகுப்பு மாறிவிடும்.

முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற ஐந்து பத்திச் சட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் பழகும்போது போடும் துணைச் சக்கரம் மாதிரி அது தொடக்கத்தில் உதவும். எட்டாம் வகுப்பிலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், இரண்டே காரணம் இருக்கும் விஷயத்துக்கு மூன்றாவதாக ஒன்றைப் பிள்ளை இட்டுக்கட்டும். முன்னுரையை முதலில் எழுத வைப்பதும் வீண். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் முன்னுரையில்தான் ‘ஆதிகாலம் தொட்டு மனிதன்’ என்ற மாதிரி வரிகளும் அகராதி விளக்கங்களும் நுழைகின்றன. நடுப் பத்திகள் முடிந்த பிறகு மூன்று வாக்கியத்தில் எழுதினால் போதும். கட்டுரைக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்ஸே’ என்ற பெயர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1580-இல் பிரெஞ்சு எழுத்தாளர் மோன்டேன் தன் உரைநடை நூலுக்குச் சூட்டிய ‘எஸ்ஸே’ என்ற பிரெஞ்சுப் பெயருக்கு ‘முயற்சிகள்’ என்று பொருள்.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைப்பது ஏன் தோற்கிறது என்பதும் இங்கே புரியும். கேள்வி ஒரு சொல் திரும்பினாலும் மனப்பாடம் திரும்பாது. மாதிரியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஒரே கேள்விக்கு எழுதிய இரண்டு பத்தியை, ஒன்று நல்லது, ஒன்று நடுத்தரம், கையில் கொடுத்து, கருத்தை ஒரு நிறத்திலும் ஆதாரத்தை இன்னொரு நிறத்திலும் விளக்கத்தை மூன்றாவது நிறத்திலும் கோடிட வையுங்கள். நடுத்தரப் பத்தியில் மூன்றாவது நிறம் இருக்காது. யாரும் விளக்காமலேயே பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள்.

ஒரு கட்டுரைக்கு 40 நிமிடப் பீரியட் பத்து ஆகும். இரண்டில் வாசிப்பு. மூன்றாவதில் கேள்வியும் கருத்து வாக்கியமும். நான்காவதில் ஆதாரம் தேடல்: தாளை மூன்றாக மடித்து, கதையில் உள்ள சொல், நான் கவனித்தது, அதனால் எனக்குத் தோன்றுவது என்று ஆளுக்கு ஆறு வரிசை. ஐந்தும் ஆறும் வகுப்பிலேயே, கையால், நடுப் பத்திகள். இதை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கட்டுரையைக் கணினியிடம் கேட்டு வாங்கும் வசதி இன்று பல வீடுகளில் இருக்கிறது. முதல் பிரதி கண்ணெதிரே எழுதப்பட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். ஏழாவதில் பக்கத்துப் பிள்ளையின் பத்தியைப் படிப்பது. ‘நன்றாக இருக்கிறதா பார்’ என்று சொன்னால் ‘நன்றாக இருக்கிறது’ என்றே எழுதுவார்கள். வேலை கொடுங்கள்: கருத்துக்கு அடிக்கோடு, மேற்கோளைச் சுற்றிக் கட்டம், ஓரத்தில் உண்மையாகவே பதில் தேவைப்படும் ஒரு கேள்வி. எட்டாவதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி மறுபடி எழுதுவது. ஒன்பதில் முன்னுரையும் முடிவும். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி எல்லாம் பத்தாவது பீரியடுக்குத்தான். முதல் பிரதியிலேயே எழுத்துப்பிழையைத் திருத்தினால், நாளை அடிபடப்போகும் வாக்கியத்தை இன்று மெருகேற்றுவதாக ஆகும். அது மட்டுமல்ல, திருத்தம் என்றால் எழுத்துப்பிழை நீக்குவது என்றே பிள்ளை புரிந்துகொள்ளும்.

ஆறாம் வகுப்பின் இறுதியில் 100 முதல் 120 சொல்லில் ஒரு நல்ல பத்தி, ஏழில் இரண்டு மூன்று பத்தி, எட்டில் 350 முதல் 500 சொல்லில் முழுக் கட்டுரை. இந்த வேகம் போதும்.

திருத்தும் முறையையும் மாற்றியாக வேண்டும். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்புக் குறி விழுந்தால் பிள்ளை முப்பதையும் பார்க்காது, மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும். ஒரு பிரதிக்கு ஒரு குறை, அதிகம் போனால் இரண்டு. பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், எது பிழை என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தான் திரும்பத் திரும்பச் செய்யும் மூன்று பிழைகளை ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, பத்தாவது பீரியடில் அந்த மூன்றை மட்டும் தேட வேண்டும். மதிப்பெண்ணை இறுதிப் பிரதிக்கு மட்டும் போடுங்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் வந்ததும் குறிப்பின் பக்கம் கண் போவதில்லை.

பள்ளிகளை நடத்துவோருக்கு எங்கள் வேண்டுகோள்: நோட்டுகளைப் பார்வையிட வரும்போது எத்தனை கட்டுரை என்று எண்ணாதீர்கள். ஒரே கட்டுரையின் மூன்று பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே என்ன மாறியது என்று பாருங்கள். பெற்றோருக்கு: பிள்ளை எழுதியதைக் காட்டினால் பிழை திருத்தத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ‘இதை எதை வைத்துச் சொல்கிறாய்’ என்று தமிழில் கேளுங்கள். கதையில் அந்த இடத்தைப் பிள்ளை விரல் வைத்துக் காட்டட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மாணவர்களுக்கான பக்கத்தில் முழு மாதிரிக் கட்டுரைகள் வெளியிடுவதற்குப் பதிலாக, பத்து வரியில் ஒரு கதைப் பகுதியும், அதன் கீழே விடை இல்லாமல் இரண்டு கேள்வியும் வாரம் ஒருமுறை அச்சிடுங்கள். மறு வாரம், அதே பகுதியைப் பற்றி ஒருவருக்கொருவர் முரண்படும் இரண்டு மாணவர்களின் பத்திகளை அருகருகே வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
நடுநிலை வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள் சிலர்